புழுதிக் காற்றில் லென்ஸ் தந்தவருக்கு

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் கலைவிழாவைப் படமெடுக்கப் போயிருந்தேன். அங்கே மணல்மேடுகள் கிடையாது. வறண்ட ஏரிப் படுகையின் காரப் புழுதிதான், மாவைப் போல. விழாவின் பெரிய மர மனித உருவத்தை எரிக்கும் சனிக்கிழமை பிற்பகலில் காற்று கிளம்பியது. நீட்டிய கை தெரியவில்லை. உறையையும் மீறித் தூசி புகுந்து, ஜூம் வளையம் நறநறவென்று இறுகிவிட்டது.

நீல முக்காட்டு அம்மா, சைக்கிளை நிறுத்தி என்னை உங்கள் கூடாரத்துக்கு அழைத்துப் போனீர்கள். நான் எதுவும் கேட்கவில்லை. கண் கழுவத் தண்ணீர் தந்துவிட்டு, கேமராவை வாங்கி, ரப்பர் குமிழால் ஊதி, தூரிகையால் இடுக்கு இடுக்காகத் தட்டினீர்கள். உங்கள் தோழர் ஈரத்துணியை நீட்டியபோது, "சேறாகிவிடும்" என்று தடுத்தீர்கள். என்ன பொறுமை! வளையம் அப்போதும் அசையவில்லை. உடனே உங்கள் சொந்த லென்ஸைக் கழற்றி மாட்டிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்காமல்!

இரவு திரும்பியபோது நீங்கள் இல்லை. தோழரிடம்தான் லென்ஸைக் கொடுத்தேன். ஏறக்குறைய எதையும் காசுக்கு வாங்க முடியாத ஊர் அது. நன்றியையாவது நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

அவ்விழாவுக்குப் போய்வரும் நண்பர்களே, இவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். அவர் லென்ஸில் எடுத்த, தீப்பொறிகள் சுழலும் படத்தை அவருக்குப் பெரிதாக அச்சிட்டு அனுப்ப வேண்டும்.