மக்கும் கவரை எந்தத் தொட்டியில் போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஆடித் தள்ளுபடியில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பெண்ணுக்கு இரண்டு சுடிதார் எடுத்தேன். இரண்டும் தனித்தனிக் கவரில். வழவழவென்று, கொஞ்சம் மங்கலான வெள்ளையில், பிளாஸ்டிக் இல்லை, மக்கிவிடும் என்று ஆங்கிலத்தில் பச்சை எழுத்து. "சோளத்துல செஞ்சதும்மா, மண்ணுல போட்டா உரமாயிடும்" என்றார் கடைக்காரர். சந்தோஷமாக வாங்கி வந்து ஒரு கவரை மாடியில் கத்தரிச்செடித் தொட்டியில் புதைத்தேன். மழையெல்லாம் முடிந்து தை மாதம் மண்ணை மாற்றலாம் என்று தொட்டியைக் கவிழ்த்தால் கவர் முழுசாக வருகிறது, வேரெல்லாம் அதைத் துளைக்க முடியாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, மண்ணைத் தட்டிவிட்டால் பச்சை எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சோளம், கரும்பிலிருந்து எடுக்கும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் மாதிரியான பொருள் மக்கக் கூடியதுதான். ஆனால் அதற்குப் பெரிய உரக்கிடங்கின் சூடு வேண்டும். மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 தரச் சோதனையே சுமார் 58 டிகிரியில், 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்றுதான் கேட்கிறது. மாடித் தொட்டியில் அந்தச் சூடு ஏது? அப்புறம், பிஎல்ஏ தனியாக இருந்தால் மொடமொடவென்று கிழியும் என்பதால் பெட்ரோலியத்திலிருந்து வரும் பிபிஏடி என்ற வளைந்துகொடுக்கும் பொருளையும் பெரும்பாலும் கலக்கிறார்கள். அதுவும் மக்கும், ஆனால் செடியிலிருந்து வந்தது இல்லை. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

எங்கள் பக்கத்துக் குப்பை போவது கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு. வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் மீதிக் கவரைக் காட்டினேன். கசக்கிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக்தான் என்று மக்காத குப்பையில் போடச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் இடத்தில் இது கலந்தால் அந்தச் சரக்கும் கெடும். மேட்டுக்குப் போனாலோ காற்றே புகாமல் அடியில் கிடக்கும்.

அதனால் துணிக்கடைக்காரர்களிடம் கேட்கிறேன். எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்று கவரிலேயே தமிழில் அச்சடியுங்கள், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று எண்ணோடு. பில் போடும் இடத்தில் ஒரு பெட்டி வைத்துக் கவரைத் திரும்ப வாங்கி, சேர்த்து உரக்கிடங்குக்கு அனுப்புங்கள். மாநகராட்சியும் அதற்கு இடம் காட்ட வேண்டும். குடோனில் துணிமேல் தூசி படியாமல் இருக்கக் கவர் தேவை, சரி. ஆனால் கடையிலிருந்து வீட்டுக்கு வர ஒரு கட்டைப்பை போதும், நாங்கள் அப்படித்தான் வாங்கிப் பழகியவர்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாசகி