சீட்டில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் நோயாளி பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். இந்த மண்ணின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு என்ற உப்பு அதிகம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காவி ஏறிய பல்லோடு வரும் பிள்ளைகளை நீங்களே பார்க்கிறீர்கள். 2013-இல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான்.

என் அம்மாவுக்கு இடுப்பும் முட்டியும் விறைத்து, குனிந்து வாசல் கூட்ட முடியாமல் போனது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், சீட்டில் ஆங்கிலத்தில் 'ஸ்கெலிடல் ஃப்ளூரோசிஸ்' என்று எழுதினார். "தண்ணியப் பார்த்துக் குடிங்கம்மா" என்றாராம். அம்மாவும் பார்த்துத்தான் குடித்தார். போர் தண்ணீரை அலுமினியக் குண்டானில் ஊற்றி, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்து, ஆறியபின் குடித்தார். ஒன்றரை வருடம்! கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குழாயில் வந்த ஒகேனக்கல் தண்ணீரோ துணி துவைக்கப் போனது.

ஊருக்கு வந்தபோதுதான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். பெயரைப் பிரித்துப் படித்தேன். 'ஃப்ளுவர்' லத்தீன், பாய்வது என்று பொருள். தாதுவை உருக்கும்போது இளகி ஓட வைக்கும் கல்லுக்கு 16-ஆம் நூற்றாண்டில் அக்ரிகோலா என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதிய பெயர் அது. அந்தக் கல்லின் பெயர்தான் பிறகு, ஃப்ளூரைடில் இருக்கும் தனிமத்துக்கு ஃப்ளூரின் என்று ஆனது. 'ஓசிஸ்' நோயைக் குறிக்கும் கிரேக்க விகுதி. எலும்புக்கூட்டைச் சொல்லும் 'ஸ்கெலிடன்' பிறந்த கிரேக்கச் சொல்லுக்கு, காய்ந்துபோனது என்று பொருள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், 'நீ குடிக்கும் தண்ணீரால் வந்தது' என்ற சேதி அதில் இல்லை. ஐந்தாவது வரை படித்த அம்மாவுக்கு அது எப்படிக் கிடைக்கும்?

சீட்டில் தமிழில் எழுதுங்கள். அதைத்தான் கேட்கிறேன். மஞ்சள் காமாலை, ரத்தக்கொதிப்பு என்றால் எங்களுக்குப் புரிகிறது. எங்கள் கிணற்றிலிருந்தே வரும் நோய்க்கு மட்டும் புரிகிற பெயர் இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரை அட்டை எதுவானாலும், படித்த பிள்ளை கூட வந்தால்தான் விவரம் தெரியும் என்ற நிலை. பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறோம். அம்மாக்கள் தனியாகத்தான் ஓ.பி. வரிசையில் நிற்கிறார்கள்.

உங்கள் முன்னால் எவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு வரி போதும்: 'போர் தண்ணீரில் உள்ள ஃப்ளூரைடால் வந்த எலும்பு நோய். கொதிக்க வைத்தாலும் அதைக் குடிக்க வேண்டாம். ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கவும்.' எழுத நேரமில்லை என்றால் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மா போகும் மருத்துவமனைக்கு நானே ஒன்று செய்து தருகிறேன். தயவுசெய்து அதைச் சீட்டில் குத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு மகன்