ரெண்டு வருஷத்துல ஃபைலை மூடிடாதீங்க

குழந்தைகள் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குற அதிகாரிகளுக்கு வணக்கம்.

படிப்பு, ஆரோக்கியம், குழந்தை வளர்ச்சின்னு இதுலயே வாழ்க்கைய செலவு பண்ற பொருளாதார ஆய்வாளர்கள் முக்காவாசி நேரம் பண்றது காத்திருக்கிறதுதான், ஒண்ணரை வயசுக் குழந்தை வளந்து சம்பாதிக்கிற வயசுக்கு வரணும்ல. நீங்களோ ரெண்டு வருஷத்துல ரிப்போர்ட் கேக்குறீங்க.

ஜமைக்கா கதைய கொஞ்சம் பாருங்க. 1986-87ல கிங்ஸ்டன்ல வயசுக்கேத்த உயரம் இல்லாத 129 குழந்தைங்க, எல்லாம் 9 மாசத்துலேர்ந்து 24 மாசத்துக்குள்ள. சிலருக்கு வாராவாரம் பால் மாவு, சிலரோட வீட்டுக்கு வாராவாரம் ஒரு சுகாதாரப் பணியாளர் போய் ஒரு மணி நேரம், வீட்லயே செஞ்ச பொம்மைய வச்சு குழந்தையோட எப்படி விளையாடணும் பேசணும்னு அம்மாவுக்கு காட்டிக் குடுத்தாங்க, சிலருக்கு ரெண்டும், மீதிப் பேருக்கு ரெண்டும் இல்ல. ரெண்டு வருஷம் அவ்வளவுதான். இருபது வருஷம் கழிச்சு 105 பேர தேடிப் பிடிச்சாங்க, நாட்டை விட்டே போனவங்களையும் சேத்து! வீட்டுக்கு ஆள் வந்து விளையாட்டு காட்டின குழுவோட வருமானம் மத்தவங்கள விட சுமார் 25% கூட. பால் மாவுக்கு மட்டும் வருமானத்துல அப்படி ஒண்ணும் தெரியல. இத ரெண்டாவது வருஷத்துல யாரால சொல்லியிருக்க முடியும்?

அமெரிக்காவுல பெர்ரி பாலர் பள்ளி ஆய்வும் இதே மாதிரிதான், 1962ல ஆரம்பிச்சது, மொத்தம் 123 குழந்தைங்க, சிலருக்கு பாலர் பள்ளி, மீதிப் பேருக்கு இல்ல. பள்ளிக்குப் போனவங்களுக்கு முதல்ல ஏறின ஐக்யூ, அதாவது புத்திக்கூர்மை மதிப்பெண், கொஞ்ச வருஷத்துல கரைஞ்சு போச்சு, அதோட விட்டிருந்தா வீண் செலவுன்னு எழுதியிருப்பாங்க. விடாம 40 வயசு வரைக்கும் பாத்ததாலதான் சம்பளம் கூடுனதும் போலீஸ் கைது குறைஞ்சதும் தெரிய வந்துச்சு.

அதனால ரெண்டே ரெண்டு கேக்குறேன். ஒண்ணு, எல்லா ஊருக்கும் ஒரே நேரத்துல குடுக்க பணம் இல்லன்னா யாருக்கு முதல்லங்கிறத குலுக்கல்ல விடுங்க, செல்வாக்குல விடாதீங்க. மெக்சிகோவுல 1997ல ப்ரோக்ரெசாங்கிற திட்டத்துக்கு (குழந்தைங்கள பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புற ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் குடுக்குறது) 506 கிராமத்த எடுத்து குலுக்கல் மாதிரி பிரிச்சு 320க்கு முன்னாடியும் 186க்கு பின்னாடியும் குடுத்தாங்க, ஒப்பிட்டுப் பாக்க அதுவே போதுமா இருந்துச்சு. ரெண்டு, திட்டம் முடியுற அன்னைக்கு குழந்தைங்களோட முகவரியையும், வீடு மாறினா விசாரிக்க ஒரு சொந்தக்காரங்க நம்பரையும் பத்திரமா வைங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை போய் பாக்க இன்னைக்கே பட்ஜெட்ல ஒரு தொகைய ஒதுக்குங்க. திட்டச் செலவுல அது ரொம்பச் சின்னத் தொகைதான்.