டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்க்கரை, பி.பி., சிறுநீரகக் கோளாறு போன்ற நாள்பட்ட நோய்களுக்கு மெடிக்கிளைம் (மருத்துவக் காப்பீட்டுத் தொகை) கிடைக்காமல் போவதற்கு, பல நேரம் டிஸ்சார்ஜ் சம்மரியில், அதாவது வீடு திரும்பும்போது மருத்துவமனை தரும் சிகிச்சைச் சுருக்கத்தில் உள்ள ஒரே ஒரு வரி காரணமாகிவிடுகிறது. நள்ளிரவு அட்மிஷனில் டியூட்டி டாக்டர், "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்பார். பதறி நிற்கும் மகன், "ஒரு பத்து வருஷம் இருக்கும் சார்" என்பார். பாலிசி எடுத்து நாலு வருடம்தான் ஆகியிருக்கிறது என்றால், அந்த வாய்ச்சொல்லே ‘நோயை மறைத்தார்’ என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

உருக்கமாக மனு எழுதிப் பயனில்லை. அந்த வரியைப் பொய்யாக்கும் காகிதம் வேண்டும். சர்க்கரை முதலில் தெரியவந்தபோது எடுத்த லேப் ரிப்போர்ட், முதல் மருந்துச்சீட்டு, அதற்கு முன் சர்க்கரை இல்லை என்று காட்டும் பழைய ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைத் தேடி எடுங்கள். இவற்றைக் காட்டி, நோய் தெரியவந்த தேதியையும், ‘பத்து வருடம்’ உடன்வந்தவர் சொன்ன உத்தேசக் கணக்கு என்பதையும் டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். சம்மரியையே மாற்றி வாங்காதீர்கள், சந்தேகம்தான் வலுக்கும். கேஸ் ஷீட் (மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவேடு) நகலும் கையில் இருக்கட்டும்.

உண்மையிலேயே பழைய நோய்தான் என்றாலும் மனம் தளர வேண்டாம். விடாமல் புதுப்பித்து 60 மாதம் கடந்த பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தீர்கள் என்று சொல்லிப் பணத்தை மறுக்க முடியாது. முன்பு 8 ஆண்டாக இருந்த இந்தக் காலத்தை 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 5 ஆண்டாகக் குறைத்தது. வேறு கம்பெனியிலிருந்து பாலிசியைப் போர்ட் செய்து மாற்றிக்கொண்டிருந்தால் பழைய காலமும் சேரும். நடுவில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியிருந்தால், கூட்டிய தொகைக்கு மட்டும் கணக்கு அன்றிலிருந்து தொடங்கும்.

பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்பதைக் கம்பெனி தெரிவித்தாக வேண்டும்; கடிதத்தில் இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள். பலரும், கம்பெனிக்காக கிளைம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வுக்கே திரும்பத் திரும்ப எழுதி மாதங்களை வீணாக்குகிறார்கள். முறையீடு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுபடி மறுத்தாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரான காப்பீட்டு ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழகத்துக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. இணையத்திலும் மனு போடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலுக்கு அனுமதி இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டைத் தவறவிடாதீர்கள். நுகர்வோர் நீதிமன்றத்தில் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் ஓம்பட்ஸ்மன் மனுவை ஏற்கமாட்டார். ஓம்பட்ஸ்மன் முடிவில் திருப்தி இல்லை என்றால் நீதிமன்றம் போகத் தடையில்லை.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். நோய் எத்தனை வருடம் என்று எழுதும்போது, அதைச் சொன்னது யார், எந்த ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதினீர்கள் என்பதையும் குறியுங்கள். சம்மரியில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைக் குடும்பத்தாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி