கதை கேட்ட வளவுக்கு நன்றி

காரைக்குடி வாசகர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருந்த சரித்திர நாவல் போன வாரம் அச்சுக்குப் போய்விட்டது. 1692-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில், சேலம் என்ற ஊரில், சூனியக்காரிகள் என்று பழி சுமத்தப்பட்ட பெண்களின் கதை. "எந்தச் சேலம், மாம்பழச் சேலமா?" என்று கேட்ட அத்தனை பேரும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டீர்கள். அதற்கே முதல் நன்றி.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை. இரண்டாங்கட்டில் பூட்டிக்கிடந்த அறையை எழுத ஒழித்துக் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு.

ரெபெக்கா நர்ஸ் என்ற 71 வயதுக் கிழவியின் அத்தியாயத்தில் ஆறு மாதம் நின்றுவிட்டேன். ஜூரிகள் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றுதான் சொன்னார்கள். நீதிபதிகள் மறுபடி யோசிக்கச் சொல்ல, விசாரணையில் அவர் வாய்விட்ட ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்கள். அவர் பதிலே சொல்லவில்லை. தீர்ப்பு மாறியது. ஜூலை 19-ல் தூக்கில் போட்டார்கள். காது மந்தம், மனசும் துக்கத்தில் இருந்தது, கேட்டது காதில் விழவில்லை என்று அவர் பிறகு எழுதிக்கொடுத்தும் பலனில்லை. நான் அந்த மௌனத்தை வைராக்கியமாக எழுதியிருந்தேன்.

ஒரு சாயங்காலம் பட்டாலையில் உட்கார்ந்து ஆச்சிக்கு அதை உரக்க வாசித்தேன். காதருகே கையை வைத்துக் கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். "அப்படியில்ல ஆத்தா. காது கேக்கலேன்னா ஒருக்கா கேப்போம், ரெண்டாந்தரம் கேப்போம். மூணாந்தரம் கேக்கக் கூச்சமா இருக்கும். எதிராளி மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்போம்." அன்று ராத்திரியே அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். இப்போது அதில் ரெபெக்கா ஜூரிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை என்று முதல் பிரதியிலேயே சிவப்பு மையால் திருத்தினார். தூக்கிலிடப்பட்டவர்கள் 19 பேர், அதில் 14 பேர் பெண்கள். சாரா குட் என்ற ஏழைப் பெண்ணோடு அவர் மகளையும் சிறையில் அடைத்தார்கள். நாலைந்து வயதுக் குழந்தையை ஏழெட்டு மாதம் சங்கிலியில் வைத்திருந்ததாக அதன் தகப்பன் பின்னால் மனுக் கொடுத்திருக்கிறான். அந்தப் பக்கத்தை டைப் செய்த அச்சக அண்ணன் எழுந்து வெளியே போய், வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். அவருக்கும் நன்றி.

தன் அப்பத்தாவைச் செய்வினைக்காரி என்று சொல்லி ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாததை என்னிடம் சொன்ன அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. பேரும் ஊரும் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ஆனால் அந்தக் காலிக் குடம் நாவலில் இருக்கிறது, பார்த்தால் தெரிந்துகொள்வீர்கள்.

ஆச்சி, புத்தகம் வந்ததும் முதல் பிரதி உங்களுக்குத்தான். எழுத்து பொடிசாக இருக்கும். பட்டாலையில் உட்கார்ந்து நானே வாசிக்கிறேன். எத்தனை தரம் வேண்டுமானாலும் திருப்பிக் கேளுங்கள்.