அவலாஞ்சி – கோலாரிபெட்டா: ஞாயிறு நடைக்கு முன் படிக்கவும்

நண்பர்களே, முதலில் ஒன்று. குழுவில் சுற்றும் வெள்ளைப் புல்வெளிப் படங்களைப் பார்த்துப் பலர் "ஸ்னோ விழுதா?" என்று கேட்கிறீர்கள். நீலகிரியில் பனிப்பொழிவு கிடையாது. அது உறைபனி, அதாவது புல்லின் மேல் ஈரம் உறைந்து வெளுத்து நிற்பது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வேகமாகச் சூட்டை இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் உச்சியை விட ஓடையோரச் சதுப்பில்தான் புல் அதிகம் வெளுத்திருக்கும். சோலைக்குள் போனால் கிளைகளே கூரை, உறைபனி அநேகமாக இருக்காது.

கவனமாக இருக்க வேண்டியது விடியலில் அல்ல, வெயில் ஏறிய பிறகு. உறைபனி உருகி ஈரமான புல்லும் அதனடியில் நனைந்த மண்ணும் சறுக்கும்; இறங்கும்போது இன்னும் மோசம். நிழல் விழும் பாறைகளில் வெள்ளை நெடுநேரம் நிற்கும், அதில் கால் வைக்காதீர்கள். அடிப்பகுதி தேய்ந்த ஷூ வேண்டாம். ஓட்டப்பயிற்சி ஷூவும் வேண்டாம், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

நாம் ஏறும் கோலாரிபெட்டா சிகரம் ஏறத்தாழ 2,630 மீட்டர், தொட்டபெட்டாவை விடக் கொஞ்சம்தான் குறைவு. ஜீன்ஸ் நனைந்தால் காயாது. ஸ்வெட்டர், மங்கி குல்லா, கையுறை, மாற்று சாக்ஸ் போதும். ஏறும்போது வியர்க்கும், ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வையுங்கள். உச்சிக் காற்றில் தேவைப்படும்.

வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் யாரும் முன்கூட்டியே கிளம்ப வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டில் மாவட்டத்துக்குள்ளேயே தடை. டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) அல்லாத வண்டிகளுக்கு இ-பாஸ் எடுத்துவிடுங்கள். அப்புறம், வருபவர்கள் இன்றிரவுக்குள் இங்கேயே பெயர் போடவும்.