செல்வத்துக்கு: செக்கும் கலா பங்கும்

மாப்ள செல்வம்,

வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா, அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவாயில்லையா. உன் மெசேஜ் பாத்ததுல இருந்து மனசு கேக்கலடா, போன்ல சொன்னா பேச்சு அங்கிட்டு இங்கிட்டு போயிரும், அதான் உக்காந்து டைப் பண்றேன்.

முதல்ல அந்த காண்ட்ராக்டர் செக். கம்பி, சிமெண்டுன்னு 1,80,000க்கு சரக்கு எடுத்துட்டு செக் குடுத்து, அது பணம் இல்லன்னு ரிட்டன் ஆயிருச்சு, "அடுத்த மாசம் தர்றேன் அண்ணே"ங்குறாரு, ஊர்க்காரராச்சேன்னு நீயும் சும்மா இருக்க. மாப்ள, திருமங்கலத்துல மட்டும் இல்ல, இங்க விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்காரங்க நாங்க எல்லாரும் காசை விடுறது இந்த முகத்தாட்சண்யத்துலதான். செக் திரும்புனதுக்கு பேங்க் குடுக்குற சீட்டு, அதான் ரிட்டன் மெமோ, உன் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் போயாகணும். நோட்டீஸ் அவருக்குக் கிடைச்சதுல இருந்து 15 நாள் அவருக்கு டைம். அதுக்குள்ள தரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள நீ கேஸ் போடணும். செக் ரிட்டன் கேசுக்கு 138வது பிரிவுன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அது இதுதான், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயிலோ, செக் தொகைல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதமோ, ரெண்டுமோ போடலாம். கேஸ் போடுறதுல லேட்டானா சரியான காரணம் சொல்லி கோர்ட்ல கேக்கலாம், ஆனா நோட்டீசுக்கு அந்த 30 நாள் போச்சுன்னா போச்சு. செக்குல இருக்குற தேதில இருந்து 3 மாசம் ஆகலைன்னா மட்டும் திரும்ப பேங்க்ல போட்டு, மறுபடி ரிட்டன் ஆனா அதுக்கு நோட்டீஸ் விடலாம். அதுவும் இல்லைன்னா மூணு வருஷத்துக்குள்ள சிவில் கேஸ்தான், அதுக்கு கோர்ட் பீஸ் கட்டி அலையணும்.

அவர் இப்ப கோயம்புத்தூர்ல இருக்காருன்னு பயப்படாத, நீ செக் போட்ட உன் அக்கவுண்ட் எந்த பிராஞ்சுல இருக்கோ அந்த எல்லைக்குள்ள இருக்குற கோர்ட்லதான் கேஸ்.

நோட்டீஸ் விட்டா உறவு போயிரும்னு எழுதியிருந்த. எனக்கு ஒருத்தர் சுங்குடி சேலை எடுத்துட்டு இதே மாதிரி செக் குடுத்தாரு. வக்கீல் நோட்டீஸ் போன கொஞ்ச நாள்ல அதை நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு கடைக்கே வந்துட்டாரு. "பில்லை எடுங்க"ன்னாரு. டெலிவரி சலான்ல அவர் கடைப் பையன் போட்ட கையெழுத்தை விரலை வச்சுப் பாத்தாரு, அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல, பணத்தை எண்ணி வச்சாரு. இன்னைக்கும் சரக்கு எடுக்குறாரு. அதனால பில்லு, சலான், வாட்ஸ்அப்ல அவர் "தர்றேன்"னு அனுப்புனது எதையும் அழிச்சிராத. கேஸ் ஆனாலும் ரெண்டு பக்கமும் சமாதானமா முடிக்கிற லோக் அதாலத்துல பேசி முடிச்சுக்கலாம், அங்க முடிஞ்சா அப்பீல் கிடையாது, கட்டுன கோர்ட் பீசும் திரும்ப வந்துரும்.

இன்னொன்னுதான் எனக்கு ரொம்ப உறுத்துது. அப்பா உயில் எழுதாம போயிட்டாரு, கடை இடம் அவர் பேர்லயே இருக்கு, அண்ணன் ஏதோ எழுதாத பேப்பர்ல உன் கூடப் பொறந்த கலாகிட்ட கையெழுத்து வாங்கச் சொல்றாருன்னு எழுதியிருந்தியே. வேணாம்டா. அப்பா சுயமா வாங்குன இடம், அப்பத்தாவும் இல்ல, அப்ப அம்மா, அண்ணன், நீ, கலா நாலு பேருக்கும் சமமா கால் கால் பங்கு, இது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே இருக்கு. பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கு சம பங்குன்னு நம்ம தமிழ்நாடு 1989லயே கொண்டு வந்துச்சு, கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கும் சேத்து 2005ல நாடு முழுக்க வந்துச்சு. கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சுங்குறது பங்கைக் கழிக்காது. அவளா மனசு வந்து விட்டுக் குடுத்தா சந்தோசம், அப்பவும் விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதியணும், என்ன எழுதியிருக்குன்னு அவ முழுசா படிச்சுட்டு போடணும். வெத்துப் பேப்பர் கையெழுத்து நாளைக்கு உங்க மூணு பேரையும்தான் கோர்ட்ல நிறுத்தும். பேங்க் டெபாசிட்ல நாமினி அண்ணன் பேரு இருக்குன்னா அது அவர் பணம் ஆயிராது, வாங்கிப் பிரிச்சுக் குடுக்கத்தான்.

தாலுகா ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் இ-சேவைல அப்ளை பண்ணிரு, அம்மா பேரும் கலா பேரும் விட்டுப் போகாம பாத்துக்க. கலாவுக்குத் தனியா யாரையாச்சும் கேக்கணும்னா ஜில்லா கோர்ட்ல இருக்குற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகச் சொல்லு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்க மாட்டாங்க, 15100க்கு போன் அடிச்சாலும் சொல்லுவாங்க. அவகிட்ட இதை நீயே சொல்லு மாப்ள, அண்ணன் மூலமா போக வேணாம்.

ரிட்டன் மெமோவை தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுத்து இன்னைக்கே அனுப்பு, நாளைக்கு காலைல வக்கீல்ட்ட காட்டிர்றேன்.

உன்
கண்ணன்